பதிவு எண் 1846: பிரிக்காத உறை ஒன்று

வெண்ணாங்குடி,
22-3-1984, வியாழன்

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அம்மா பொன்னம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டூட்டி முடிந்து வந்து தூங்குகிறாயா, நாக்பூர் வெயில் ஆரம்பித்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ மார்கழியில் போட்ட கடிதத்தை நான் படித்தது நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு. நீயும் உன் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமில் வேலை பார்க்கும் பாண்டுரங் என்கிற பிள்ளையும் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பதாகவும், சம்மதம் என்று நாங்கள் எழுதினால் மாசி மாத லீவில் இரண்டு பேரும் ஊருக்கு வருவதாகவும், பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு இனி தொந்தரவு செய்யமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். மலரு, மாசி போய்விட்டது. இத்தனை நாள் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாயோ. பதில் போடாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. உன் கடிதம் நம் ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சொன்னால் நம்பமாட்டாய், அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரைக்கும் படி.

நீ போன பிறகு நம் ஊர் நூலகம் ரொம்ப முன்னேறிவிட்டது. கொட்டகையிலிருந்து ஓட்டுக் கட்டடத்துக்கு மாறி, புதிதாக ராசாங்கம் என்று ஒரு நூலகர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் புத்தகத்தின் மேல் உயிர். எடுத்துப் படித்தால் தேய்ந்துவிடும் என்று இரண்டு பீரோவையும் பூட்டியே வைத்திருக்கிறார். யாராவது ஒரு புத்தகம் கேட்டால், போன தடவை எடுத்துப் போனதில் உங்களுக்கு என்ன விளங்கியது என்று கேட்பார், வந்தவர் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். பேப்பருக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். காலையில் வந்தவுடன் அதைத் தாள் தாளாகப் பிரித்து எட்டுப் பேருக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் தாள் உன் அப்பாவுக்கு, ஏனென்றால் அவர் இப்போது வாசகர் வட்டத் தலைவர். கேங்மேன் வேலையில் இருந்தவரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ரிட்டயர் ஆனதும் உலகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் பக்கத்தில் தொடர்ச்சி என்று போட்டிருந்தால் அது வேறொருவர் கையில் இருக்கும், ஆகவே எந்தச் செய்தியும் எப்படி முடிந்தது என்று இவருக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. பெண்கள் எங்களுக்கும் ஒரு முறை உண்டு. புதன்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மகளிர் நேரம். பெண்களுக்கென்று பீரோவுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டு, சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் எழுந்து போகமாட்டார்கள், பெண்கள் யாராவது வருகிறார்களா என்று பார்க்க உட்கார்ந்திருப்பார்கள், அதனால் பெண்கள் யாரும் போகமாட்டார்கள். மகளிர் ஆர்வம் காட்டவில்லை என்று ராசாங்கம் மாதா மாதம் மேலே எழுதி அனுப்புவார்.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு நூலகமும் தன் ஊருக்குத் தக்க ஒரு சிறப்புத் தொகுப்பு வைக்கவேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்று. வாசகர் வட்டம் கூடி மூன்று நாள் பேசியது. பக்கத்தில் ஒரு ஊரில் ஓடையில் கிடக்கிற, கல்லாகிப்போன பழங்காலத்துக் கிளிஞ்சலைப் பொறுக்கி அடுக்கிவிட்டார்கள், பெரம்பலூர்ப் பக்கம் எங்கேயோ பழைய பத்திரங்களைச் சேர்க்கிறார்கள், நம் ஊரில் என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்து, நம் ஊரில் இருக்கிறவர்களைவிட வெளியூர் போனவர்கள்தான் அதிகம், அவர்கள் எழுதிய கடிதங்களையே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இந்த யோசனை உன் அப்பாவுடையது. நான் அப்போது ஊரில் இல்லை. உன் அத்தைக்குப் பிரசவம் என்று மார்கழி முழுக்க வாலிகண்டபுரத்தில் உன் மாமா வீட்டில் இருந்தேன், பெண் குழந்தை, உன் மூக்கு அப்படியே. மிலிட்டரியில் மகன் இருக்கிற சாமிதுரை முப்பத்தொரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தாராம். நம் டிரங்குப் பெட்டியில் நான் கட்டி வைத்திருந்த உன் கடிதங்களை அப்பா எண்ணிப் பார்த்தால் அதுவும் முப்பத்தொன்று. தலைவர் வீட்டுக் கடிதமும் சாமிதுரை வீட்டுக் கடிதமும் சமமாக இருக்கலாமா? காலண்டர் ஆணியில் ஒரு உறை தொங்கிக்கொண்டிருந்தது, அந்த வாரம்தான் வந்தது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், உன் கடிதத்தை நான்தான் பிரிப்பேன், அவர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்பார், முடிந்ததும் இன்னொரு முறை படி என்பார். நான் வரட்டும் என்று பிரிக்காமல் தொங்கவிட்டிருந்த அதை எடுத்துக் கட்டோடு சேர்த்து முப்பத்திரண்டாக்கிக் கொடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் போனதும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

போகிக்கு முந்தின நாள் நான் ஊர் திரும்பினேன். பையைக்கூட இறக்கவில்லை, தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி என்னைப் பிடித்துக்கொண்டு, ஏங்க அக்கா, ஒங்க மவளுக்கு அங்க சப்பாத்தி ஒத்துக்கலியாமே, முத ஆபரேஷன பாத்துட்டு மயக்கம் போட்டுட்டாளாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே என்கிறாள். நம் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அப்புறம் பார்த்தால் ஊரே உன்னைப் படித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பீரோப் புத்தகங்கள் சீந்துவாரில்லாமல் கிடக்க, உன் கடிதத்துக்கு வரிசை. நீ ஹாஸ்டலில் சண்டை போட்டதை உழவர் சங்கத்துக்காரர் எனக்கே விளக்கிச் சொன்னார். வீட்டுக்கு வந்து, நான் இல்லாதபோது கடிதம் எதுவும் வந்ததா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, வந்துச்சு, பத்திரமா இருக்கு, ரெண்டு நாள்ள வாங்கித் தரேன் என்றார்.

அந்த இரண்டு நாள்தான் இரண்டு மாதம் ஆனது. அடுத்த புதன்கிழமை நானே போனேன். ராசாங்கம் மரியாதையாகப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். எண் 1846, பிரிக்காத உறை ஒன்று என்று சிவப்பு மையில் அழகாக எழுதியிருக்கிறது. உறையின் நெற்றியில் நூலக முத்திரை. அதை மட்டும் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் நடுவில் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக் கொடுங்க சார், எம் மவ எழுதினது என்றேன். பிரிக்காததுன்னு பதிஞ்சாச்சுங்கம்மா, பிரிச்சா பதிவு தப்பாயிடும், தொகுப்புலயே அது ஒண்ணுதான் முழுசா இருக்கு, மத்தது எல்லாம் கிழிஞ்ச உறைங்க, இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும் என்றார். நான் உறுப்பினர் இல்லை என்றும் சொன்னார். உறுப்பினர் ஆனேன். சிறப்புத் தொகுப்பு வெளியே தரப்படாது என்றார். வெளியே வேண்டாம், இங்கேயே படிக்கிறேன் என்றேன். பிரிக்காததை எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்று மனு எழுதச் சொன்னார். பெற்றவள் என்று எழுதிக் கொடுத்தேன். ஆராய்ச்சி என்று எழுதினால் சுலபம், பெற்றவள் என்பதற்குப் பாரத்தில் இடம் இல்லை என்றார். தலைவர் சிபாரிசு செய்தால் மேலே அனுப்பலாம் என்றார். தலைவர் பக்கத்து மேஜையில் முதல் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் கேட்டால், ரூல்ஸ நானே மீறுனா ஊரு என்ன சொல்லும் பொன்னு என்கிறார்.

இப்படி ஒன்பது புதன்கிழமை போனேன். ஒரு கார்டு போட்டு உன்னையே கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டிருக்கலாம். அப்பா வேண்டாம் என்றார், தன் கூத்து மகளுக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்கு வெட்கம். நானும், எப்போதும் போல மழை, டூட்டி, சாப்பாடு என்றுதான் எழுதியிருப்பாய், என்ன ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். மாசியில் உன் கடிதமே வராதபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலை அதிகம்போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது, அதை யார் தலையிலும் போடமாட்டேன்.

நேற்று பத்தாவது புதன்கிழமை, இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவில் தண்ணீர் தெளித்து, பீரோவைத் திறந்து வைத்து, மகளிர் நேரத்துக்கு ஆள் வேண்டும் என்று தனத்தையும் குஞ்சம்மாளையும் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். குஞ்சம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, அவள் கையில் கோழி வளர்ப்புப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். நான் கூலிக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வந்த வழியில் அப்படியே உள்ளே போனேன். இன்ஸ்பெக்டர் கண்ணாடிப் பெட்டிகிட்டே குனிந்து, இதுக்குள்ள என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். தெரியாதுங்க சார், அதுதான் இதோட சிறப்பு என்றார் ராசாங்கம். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார் மலரு! எனக்கு வந்ததே ஒரு கோபம். அவர் பார்க்கட்டும் என்று பெட்டியைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். கையை விட்டு எடுத்தேன், மடியிலிருந்த தையல் கத்தரிக்கோலால் ஓரத்தை ஒரே வெட்டு. அம்மா அம்மா என்று ராசாங்கம் ஓடிவந்தார். தள்ளி நில்லுங்க சார், எம் மவ எழுதினத நான் படிக்கிறேன், இதுக்குப் பேருதானே நூலகம் என்றேன். நின்றபடியே படித்தேன். பாதியிலேயே எழுத்து மங்கிவிட்டது. அப்பா தாளைக் கீழே வைத்துவிட்டு, என்ன எழுதியிருக்கா, படி என்றார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. வூட்டுக்கு வாங்க, படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் வழக்கம்போலக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். படித்தேன். பதில் வராவிட்டால் என்ற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் என்ன கத்தப் போகிறாரோ, வேறு பாஷை, வேறு சனம் என்று குதிக்கப் போகிறாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர், அந்தப் புள்ள பேரு என்ன, திரும்பப் படி என்றார். பாண்டுரங் என்றேன். ரெண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் அழுதார். நான் அவரைக் கல்யாணம் செய்து இருபத்தேழு வருஷத்தில் அவர் அழுது பார்ப்பது இரண்டாவது தரம், முதல் தரம் நீ நாக்பூர் ரயில் ஏறியபோது, அதுவும் உனக்குத் தெரியாது. எம் மவ என் வாயிலேருந்து ஒரு வார்த்தைக்குக் காத்துக் கெடந்திருக்கா, நான் அத காட்சிக்கு வச்சிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரைத் திட்டவேண்டும் என்று தோன்றவில்லை.

காலையில் நூலகத்திலிருந்து எழுத்து மூலமாக ஒரு தாள் வந்தது. நூலகப் பொருளைச் சேதப்படுத்தியதால், விதிப்படி அதே வகையில் வேறொன்று ஈடாகக் கொடுக்க வேண்டுமாம். அதாவது மகளிடமிருந்து வந்த பிரிக்காத உறை ஒன்று. கீழே தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அப்பா அதில் கையெழுத்துப் போடாமல், எம் மவ இனிமே கடுதாசி போடமாட்டா, நேராவே வருவா என்று தாளின் குறுக்கே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார், வருவாளா என்று. எனக்கும் தெரியவில்லை.

ஆகவே மலரு, எங்கள் பதில் இதுதான். சம்மதம். அந்தப் பிள்ளை நல்லவனா என்று உன்னைத் தவிர யாரைக் கேட்பது, நீ நல்லவன் என்றால் நல்லவன்தான். இரண்டு பேரும் வாருங்கள். எங்கள் மேல் வருத்தம் இருந்தால் வந்து திட்டு, வராமல் மட்டும் இருந்துவிடாதே. ஒருவேளை நாங்கள் வேண்டாம் என்றுவிட்டோம் என்று நினைத்து ஏற்கெனவே கல்யாணத்தை முடித்திருந்தால் அதற்கும் எங்கள் ஆசீர்வாதம் சேரட்டும். அந்தப் பிள்ளைக்கு ரசம் சோறு பிடிக்குமா என்று எழுது. வெயிலில் குடை இல்லாமல் போகாதே, டூட்டி என்று வெறும் டீயைக் குடித்துக்கொண்டு இருக்காதே. இனி கடிதம் எழுதினால் என் பேருக்கே எழுது. நீயும் பாண்டுரங்கும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் சேர்ந்து வாழவேண்டும் என்று இரண்டு பேர் தலையிலும் கை வைத்து வாழ்த்தும்,

உன் அம்மா,
வை. பொன்னம்மாள்

அப்பா ஒரு வரி எழுதவேண்டும் என்று நிற்கிறார், பேனாவைக் கொடுக்கிறேன்.

அம்மாடி மலர்க்கொடி, எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று எழுது. எழுத மனமில்லாவிட்டால் எழுதவேண்டாம். மெட்ராஸிலிருந்து வரும் வண்டிக்கெல்லாம் நான் அரியலூர் ஸ்டேஷனில் வந்து நிற்பேன். அப்பா, வைரக்கண்ணு.