குதித்தேனா, தள்ளினாயா?

தோஸ்த்,

போன வாரம் ஆம்பூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே என் குடை காற்றில் திருப்பிக்கொண்டது. மழை ஒன்றும் பிரமாதமில்லை, காற்றுதான் ஜாஸ்தி. கம்பியெல்லாம் வானத்தைப் பார்த்து நிற்க, கைப்பிடியை விடாமல் நடுத்தெருவில் நான் ஒரு சுற்று சுற்றினேன். ஷிப்ட் முடிந்து வந்த ஷூ கம்பெனிப் பெண்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. "ரிசர்வை இழுடா, ரிசர்வை இழு!" என்று பின்னாலிருந்து நீ கத்தப்போகிறாய் என்று திரும்பியே பார்த்துவிட்டேன். யாரும் கத்தவில்லை. நனைந்தபடி டீக்கடைக்குள் போய் உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அங்கேதான் எனக்கு முழுசாக உறைத்தது.

உனக்குத் தெரிந்த கதையையே உனக்கு எழுதுகிறேன். பரவாயில்லை, கேள். நீ ஒரே கதையை எத்தனை தடவை என்னைக் கேட்கவைத்தவன்.

நீ யூனிட் சமையல்காரன், நான் கிளார்க். பாராசூட் படையில் இதெல்லாம் சாக்கு ஆகாது. கரண்டி பிடிக்கிறவன், பேனா பிடிக்கிறவன், முடி வெட்டுகிறவன், எல்லாரும் விமானத்திலிருந்து குதித்தே ஆக வேண்டும். மேல்விஷாரத்தில் உங்கள் வீட்டில் எல்லாரும் தோல் தொழில். எங்கள் வீட்டில் லுங்கித் தறி. நீ ஏன் இந்தப் படைக்குக் கை தூக்கினாய் என்று கேட்டால், மெரூன் தொப்பி உன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றாய். நான் கை தூக்கிய காரணத்தை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். குடியாத்தத்தில் மாடிப்படி இறங்கும்போதே சுவரைத் தடவிக்கொண்டு இறங்குகிற பிள்ளை நான். அப்பா என்னை யாரிடமும் 'இவன் செய்வான்' என்று சொன்னதே கிடையாது. பயந்தாங்கொள்ளி இல்லை என்று எனக்கு நானே ஒரு தடவையாவது காட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. நீ சிரிக்கவில்லை. "சரி, ஒண்ணா போய் சாவலாம் வா" என்றாய்.

ஆக்ராவில் பயிற்சி. கட்டிடத்து மேலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார்கள், மேடையிலிருந்து மணலில் உருட்டினார்கள். காலைச் சேர்த்து வை, முட்டியைச் சேர்த்து வை என்று பயிற்சி கொடுத்த உஸ்தாத் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். "தோல மட்டும் உரிச்சிக் குடுத்தா போதும், மீதியை எங்க ஊர்ல பதம் பண்ணிக்குவாங்க" என்று முட்டியைக் காட்டி நீ அவரிடம் தமிழில் சொன்னாய். அவருக்குப் புரியவில்லை. உன் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார்.

குடை மடிக்கிற பிரிவில் நீ பண்ணிய கூத்துதான் பெரிய கூத்து. பாராசூட்டை நாம் குடை என்றுதான் சொல்வோம். மெயின் குடை விரியாவிட்டால் இழுத்துக்கொள்ள நெஞ்சில் கட்டிய சின்னக் குடைதான் ரிசர்வ். அதை மடித்துக் கட்டுகிறவர் ஒரு நடுத்தர வயதுக்காரர். தினமும் சமையல்கட்டிலிருந்து ஒரு கிண்ணம் அல்வா எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார்ந்து, "வீட்ல பாபி சௌக்கியமா? சண்டை கிண்டை இல்லையே?" என்று இந்தியில் விசாரிப்பாய். உன் வீட்டுக்கு நீ கடிதம் போட்டதைவிட அந்த அம்மாவின் நலம் விசாரித்ததுதான் ஜாஸ்தி. நான் கேட்டதற்கு, "அவன் ராத்திரி பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினு வந்து மடிச்சான்னு வெச்சிக்கோ, நம்ம கதி இன்னா?" என்றாய். நானோ துணியைக் கண்டால் சும்மா இருக்கமாட்டேன். குடைத் துணியை விரலில் தேய்த்து இழை பார்த்துக்கொண்டிருந்தேன். "லுங்கி எடுக்க வந்தியாடா? கரை இன்னா கலரு வேணும்?" என்று அத்தனை பேர் எதிரில் என்னைக் கேட்டவன் நீ.

முதல் குதிப்பு நாள். விமானத்துக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். வாய் திறந்தால் நெஞ்சு வெளியே வந்துவிடும் போல இருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். குதித்ததும் குடையைத் தானாக விரிய வைக்கிற கொக்கியை மேலே கம்பியில் மாட்டச் சொன்னார்கள். எனக்கு நேர் பின்னால் நீ. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு பச்சையானது. வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற பஞ்சாபிக்காரன் இருந்த இடத்தில் சட்டென்று வெறும் வெளிச்சம். பச்சை விளக்கு, உஸ்தாதின் சத்தம், என் முதுகுப் பையில் ஒரு கை. அவ்வளவுதான் எனக்கு அப்போது நினைவிலிருந்தது. அடுத்து நான் வானத்தில் இருக்கிறேன். தலைக்கு மேல் குடை விரிந்திருக்கிறது. கீழே கடுகுத் தோட்டம் மஞ்சளாக என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கைதான் என் வாழ்நாள் பேஜார். நான் குதித்தேனா, நீ தள்ளினாயா?

தரையில் விழுந்து உருண்டு எழுந்ததும் நான் உன்னிடம் கேட்ட முதல் வார்த்தையே அதுதான். நீ ஒரு எருமை மாட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாய். "உனுக்கே தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அந்த எருமையிடம் மன்னிப்புக் கேட்கப் போய்விட்டாய்.

ஐந்து தடவை குதித்தால் சட்டையில் சிறகுச் சின்னம் குத்துவார்கள். மற்ற நான்கும் நானேதான் குதித்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் தடவை குதித்தவன்தான் குதித்தவன், பிறகெல்லாம் பழக்கம். தொப்பியும் சிறகுமாக எடுத்த போட்டோவை அப்பா கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முதுகு கூசும்.

ஓய்வு பெற்று வந்து இரண்டு பேரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் சேர்ந்தோம். எனக்கு டைம் ஆபீஸ், உனக்கு கேன்டீன். சாப்பிட வரும் பெண்களுக்கு நீ 'மிலிட்டரி பாய்'. சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்வாய். "அதோ போறாரே, டைம் ஆபீஸ் சார், அவரு சிங்கம்மா! பச்சை விளக்கு எரியறதுக்கு முன்னாடியே குதிக்கப் பாத்தாரு, உஸ்தாத்து சட்டையப் புடிச்சி நிறுத்துனாரு. நான் அவரு பின்னாடி குதிச்சேன். மேலேர்ந்து பாத்தா தாஜ்மஹால் உப்பு மூட்டை மாதிரி தெரியுது!" என் மனைவி எதிரிலும், பிள்ளைகள் எதிரிலும் இதே கதைதான்.

வேலூர் ராணுவக் கேன்டீன் வரிசையில் மட்டும் வேறு கதை. மாதா மாதம் சாமான் வாங்க நம் பழைய பாராசூட் ஆட்கள் நாலைந்து பேர் அங்கே சேர்ந்துவிடுவோம். வரிசை நகர்ந்து நான் கொஞ்சம் தாமதித்தால் போதும். "டேய், பச்சை விளக்கு எரிஞ்சிச்சி, இவனைத் தள்ளுங்கடா! அன்னிக்கு நான் எட்டி ஒதைச்சதுலதான் போனான், இல்லனா இன்னும் அந்தப் பிளேன்லயே சுத்திக்கினு இருப்பான்" என்பாய். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன், ஏன் ஆளுக்கொரு கதை என்று. "நம்ம ஆளுங்க முன்னாடி உன்னை எப்டி வேணா கிழிப்பேன். வெளியாளு முன்னாடி விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றாய். எது நிஜம் என்று கேட்டதற்கு, சர்க்கரை டப்பா எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று உன் டீயைக் குடிக்காமலே போனேன்.

பிறகு உன் நெஞ்சுவலி. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. நம் ஆட்கள் எல்லாரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தன் உனக்குக் காலைச் சேர்த்துவை, முட்டியைச் சேர்த்துவை என்று சொல்லிக்கொடுத்தான். நீ அந்தச் சின்ன வயசு டாக்டரைப் பார்த்து, "மெயின் குடை விரியலன்னா ரிசர்வ் ஒண்ணு வெச்சிக்கிறீங்களா சார்?" என்று கேட்டாய். அவர் பாவம், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, ரத்தமெல்லாம் போதுமான அளவு ரிசர்வில் இருக்கிறது என்றார். நாங்கள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி மாதிரி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இவுங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா அண்ணே? இதுவா சிரிக்கிற நேரம்?" என்றாள். விமானத்துக்குள்ளும் நாம் அப்படித்தானே போனோம். வேறு மாதிரி போகத் தெரியாது.

மறுநாள் காலை உன்னை அழைத்துப்போக வரும் முன் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பயமா இருக்குதுடா" என்றாய்.

அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கும் இப்டித்தான் இருந்துச்சி" என்றாய். "நான் உன்னைத் தள்ளலடா. எழுந்து நின்னு கொக்கிய மாட்டுனேன் பாரு, அப்பவே என் கண்ணு மூடிக்கிச்சி. உன் பைய கெட்டியா புடிச்சிக்கினேன். நீ நடந்த, நான் வந்தேன். நீ போன, நானும் போய்ட்டேன். காத்துதான் என் கையப் பிரிச்சி உட்டுச்சி. நீ மட்டும் நின்னிருந்தா நானும் நின்னுருப்பேன். என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"அப்ப தாஜ்மஹால்?"

"எங்க பாத்தேன்? எருமை மூச்சு மூஞ்சில பட்ட அப்புறந்தான் கண்ணத் தொறந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நிற்பதற்குள் வண்டியோடு வந்துவிட்டார்கள். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் என் கையை நீ விடவில்லை.

ஆண்டவன் புண்ணியத்தில் திரும்பி வந்தாய். வந்தவன் சும்மா இருந்தாயா? அடுத்த முறை வேலூர் கேன்டீன் வரிசையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விஷயத்தை ஆரம்பித்ததும், "மயக்க மருந்துல உளறுனதையெல்லாம் நம்பறான் பாரு! ஒதைச்சேன்டா, பூட்ஸ் காலால ஒதைச்சேன்" என்று கவிழ்த்துவிட்டாய். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு இம்முறை சுருக்கென்று இல்லை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் நீ சொன்னது அது. அதோடு, நானும் யோசித்துப் பார்த்திருந்தேன். தள்ளுகிறவன் கை கதவருகில்தானே முதுகில் பட வேண்டும்? எழுந்து நின்ற இடத்திலிருந்தே அந்தக் கை என் பையில் இருந்தது நீ சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் உன்னைப் பார்த்தேன், நீ பிஸ்கட் பாக்கெட்டை எண்ணுவது போல் குனிந்துகொண்டாய். அது போதுமாக இருந்தது.

அப்புறம் சில வருஷங்கள் உன்னோடு நன்றாகவே போயின. ஒரு காலை, தொழுகை முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கம் செய்கிற இடத்தில் நம் ஆட்கள் எல்லாரும் நின்றோம். ஒருத்தன் வாயிலும் ஒரு கேலி வரவில்லை. அதைத் தாங்க முடியாமல் நான் சுவர் ஓரமாகப் போய் அழுதேன்.

குடை திருப்பிக்கொண்ட அதே வாரம்தான் உன் வருஷ பாத்திஹா, உன் பேரில் ஓதிச் சாப்பாடு போடுகிற நாள். மேல்விஷாரத்தில் உன் வீட்டில் நல்ல கூட்டம். சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, உன் மகளின் புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் உன் போட்டோவைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, வாய் கொஞ்சம் நீளம்.

"சமையல்காரருக்கு எதுக்குங்க பாராசூட்டு? அண்டாவோட குதிச்சாரா? யாராச்சும் புடிச்சித் தள்ளி உட்டுருப்பாங்க" என்றார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உன் மகள் கையில் தண்ணீர் ஜாடியோடு அப்படியே நின்றாள். உன் மூக்கு, உன் கோபம். நேராக என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க கூட இருந்தீங்கல்ல? நீங்களே சொல்லுங்க. அத்தா குதிச்சாரா, தள்ளி உட்டாங்களா?"

பந்தி முழுக்க என் பக்கம் திரும்பியது. தோஸ்த், இந்தக் கேள்வியோடு நான் எத்தனை காலம் குடித்தனம் நடத்தியவன். நிஜமான பதில் என்னிடம் இருந்தது. ஊரறியச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று வயசுக் காலமெல்லாம் நான் ஏங்கிய பதில்.

"உங்க அத்தா எனக்கு முன்னாடி நின்னாரும்மா" என்றேன். "பச்சை விளக்கு எரிஞ்சுது, போய்ட்டாரு. திரும்பிக்கூட பாக்கல. மேலேர்ந்து தாஜ்மஹால முழுசா பாத்த ஆளு அவரு ஒருத்தர்தான்."

"அத்தா நீங்கதான் முன்னாடின்னு சொல்வாரே?"

"அவரு வாயில என்னிக்கும்மா நெசம் வந்துருக்குது?"

"அப்ப நீங்க?"

"நானா?" என்றேன். "என்னைத் தள்ளி உட்டாங்கம்மா."

கூடமே சிரித்தது. அந்தப் பெரியவர்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி சிரித்தார். உன் மகள் ஜாடியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நான் குதித்தவன் என்று சொல்ல இனி ஒரு சாட்சி இல்லை, மிச்சமிருந்த என் வாயையும் நானே அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் குறையவில்லை. நீ வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் இருந்தது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. அந்த வேலை இனி என்னுடையது, நான் இருக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன்.