ஏலத் தட்டையின் உள்ளே

இன்று சாயங்காலம் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தானைக்குள்ளிருந்து உன் பிராக்டிகல் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். "இந்தா தாயி. எங்க வீட்ல இத வெச்சு யாரு என்ன செய்யப் போறோம்" என்றார். அம்மா போட்ட கட்டங்காப்பியைத் தொடாமலே போய்விட்டார். மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. கிளிசரின், சிவப்புச் சாயம், ஈர இரும்பு எல்லாம் கலந்த வாடை. அரை பிளேடு, இரண்டு ஊசி, முடி கொட்டிப்போன பிரஷ். நீ வைத்தபடியே இருந்தன.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அடுப்பு மறைவில் சிமினி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா விழித்தால் மண்ணெண்ணெய் வீணாவதற்குத் திட்டுவார். அது சின்னப் பயம். பெரிய பயம் நாளைக்கு இருக்கிறது. விடிந்ததும் போடிமெட்டு பஸ்ஸில் மலையிறங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். மத்தியானம் தாவரவியல் பிராக்டிகல் பரீட்சை. தண்டை வெட்டி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்ட வேண்டும். தேறாதவர்களை சயின்ஸ் குரூப்பில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். "தேறலைன்னா ஸ்டோருக்கு வந்திரு, ஏலக்கா தரம் பிரிக்க ஆளு வேணும்" என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சோறு போடச் சொல்வதைப் போலச் சொன்னார்.

நான் பிளேடைத் தொட்டதே இல்லை என்பது உனக்குத்தான் தெரியும். இரண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப் என்று சொன்ன அன்றே நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நீ வெட்டுவாய், நான் வரைவேன். உன் படத்தில் வட்டம் எல்லாம் பூசணிக்காய். எனக்குப் பிளேடைப் பார்த்தாலே பயம். "ரெண்டும் சேந்தாத்தான் ஒரு ஆளு" என்று டீச்சரே சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமை உன் பைக்குள்ளிருந்து இரண்டு முழ நீளத்துக்கு ஏலத் தட்டை ஒன்று வந்தது. ஏலச்செடியில் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கிற தண்டை நாம் தட்டை என்போம். புத்தகத்தில் அந்தச் சொல்லும் இல்லை, அந்தச் செடியும் இல்லை.

"இது போர்ஷன்ல இல்லியேடி" என்றேன்.

"நம்ம வயித்துப்பாட்டுல இருக்கில்ல? டீச்சர் வாரதுக்குள்ள பாத்துருவோம்."

தண்டைத் தேடி நீ உரித்தாய். ஓர் உறைக்குள் இன்னோர் உறை, அதற்குள் இன்னொன்று. உரிக்க உரிக்க மெலிந்து, கடைசியில் ஊசி போலச் சுருண்ட ஒரு குருத்திலை மட்டும் மிஞ்சியது. "தண்டக் காணோம் புள்ள!" என்று நீ கத்தியதில் பக்கத்து மேசைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். இலைகளின் அடிப்பாகங்கள் ஒன்றையொன்று இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அந்த உயரத்துக்கு நிற்கின்றன. பிறந்ததிலிருந்து அந்தக் காட்டுக்குள் நடந்திருக்கிறோம். ஒரு நாளும் அது நமக்குத் தெரியவில்லை.

"நம்ம அம்மாமாருக்குத் தெரியுமாடி இது?"

"தெரிஞ்சா மட்டும் கங்காணி கூலியக் கூட்டிருவானாக்கும்."

பிடிமானத்துக்கு மரவள்ளிக் குச்சியின் வெள்ளை நெட்டியைப் பிளந்து, நடுவில் ஓர் உறைத் துண்டைச் செருகினாய். பிளேடை நனைத்தாய். உன் பக்கமாக ஒரே இழுப்பு. கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. ஏலக்காய் எடுக்கும்போதும் நீ அப்படித்தான். என்னோடு வாயடித்துக்கொண்டே செடியின் அடியில் கையை விட்டு, விளைந்த காயை மட்டும் விரல்நுனியால் கண்டுபிடிப்பாய். ஒரு பிஞ்சு உதிராது. வெட்டியதைப் பிரஷ்ஷால் எடுத்துச் சாயத்தில் போட்டு, அலசி, ஸ்லைடில் ஏற்றி, மூடிக் கண்ணாடியைச் சாய்த்து இறக்கினாய். பிறகு குனிந்தவள் நிமிரவே இல்லை.

"லயம் புள்ள! நம்ம லயந்தான்! வரிசையா வீடு, நடுநடுவுல சுவரு!"

"தள்ளுடி, நானும் பாக்கணும்."

"இரு, கங்காணி வீடு எதுன்னு பாத்துக்கிடுதேன்."

உன்னை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் நான் பார்த்தேன். பெரிய பெரிய வெற்று அறைகள், காற்று மட்டும் குடியிருக்கும் அறைகள், ஒரே வரிசையில். இரண்டு அறைகளுக்கு நடுவே செக்கச் சிவந்த ஒரு கொத்து. அதில் ஒவ்வொரு துளையும் யாரோ எண்ணி வைத்ததைப் போல இருந்தது. எந்த வெளிச்சமும் போகாத இடத்தில், யார் பார்க்க இவ்வளவு ஒழுங்கு? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீ என்னைத் தள்ளிவிட்டு மறுபடியும் குனிந்தாய். அடுத்த லீவில் காட்டுக்குள் நடந்தபோது என் தோள் ஒரு தட்டையில் இடித்தது. கேட்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டதைப் போல ஒதுங்கினேன். மலை முழுக்க நிற்கின்றனவே, அத்தனைக்குள்ளும் அதே அறைகள் இருக்குமே என்று நினைத்தபோது தலை சுற்றியது.

ஐப்பசி லீவில் அடித்த காற்றில் நிழல் மரத்தின் கிளை முறிந்து விழுந்தது. கீழே நீ காய் எடுத்துக்கொண்டிருந்தாய். நான் ஓடி வந்து சேர்வதற்குள் உன்னைக் கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். எல்லாரும் ஜீப்பின் பின்னால் ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஏன் என்று இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கிளையின் முறிந்த முனை என் காலடியில் கிடந்தது. வெள்ளையாக, நார் பிரிந்து, ஈரம் கசிந்துகொண்டு. வேரிலிருந்து தண்ணீர் ஏறி வந்த குழல்கள் வெறும் கண்ணுக்கே ஊசித் துளைகளாகத் தெரிந்தன. நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னைக் கொன்ற கிளை. அது அழகாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு என்னைக் கண்டால் பயம். அந்த நேரத்தில் அதைப் பார்க்கிற கண் எப்படிப்பட்ட கண்? நாளைக்கு மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் அந்த முனைதான் தெரியும் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு எழுப்பும்போது காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாம் என்றுகூட இருந்தேன்.

ஆனால் உன் பெட்டி வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு வேறு விதமாக யோசித்துப் பார்த்தேன். கிளை என்மேல் விழுந்து, நீ நின்றிருந்தால்? நீயும் குனிந்திருப்பாய். அழுதுகொண்டே குனிந்திருப்பாய். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அதனால் இருட்டுவதற்கு முன் லயத்துக்குப் பின்னால் போய் ஒரு தட்டையும் ஒரு மரவள்ளிக் குச்சியும் ஒடித்து வந்தேன். கும்பாவில் தண்ணீர் வைத்து, இந்தக் கடிதத்தின் நடுவே எழுந்து எழுந்து வெட்டிப் பார்க்கிறேன். முதலில் வந்தவை எல்லாம் வாழைக்காய்ச் சீவல். விரலிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. இப்போது கடைசியாக இழுத்ததில் தண்ணீரில் எதுவுமே விழவில்லை, பிளேடு தவறிவிட்டது என்று நினைத்தேன். விளக்கைத் தூக்கிப் பார்த்தபோதுதான் ஓர் ஓரம் மின்னியது. அவ்வளவு மெல்லிசு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இங்கே மைக்ராஸ்கோப் இல்லை. தண்ணீரை விட்டு எடுத்தால் அது சுருண்டுவிடும், கொண்டுபோக முடியாது.

அந்த இழுப்பு மட்டும் என் கையில் இருக்கிறது. அதைக் கொண்டுபோகிறேன்.