தலைவர் யார் என்று சோலையம்மாள் கேட்டாள்

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். டெல்லிக் குளிரில் நீ நலமாயிருக்கக் கொப்புடையம்மன் துணை.

சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, தீர்ப்புச் சொல்வது மூன்றும் தனித்தனிக் கைகளில் இருக்க வேண்டும் என்று உன் வகுப்பில் படித்ததைப் போனில் சொன்னாயே, நம்மூரில் மூன்றும் என் ஒரு கையிலேயே ஒழுங்காக நடந்துவந்தன. அம்மா ஊராட்சித் தலைவராகி நாலு வருஷமாக நாற்காலியில் நான் உட்காருவேன், காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள், யாருக்கும் குறையில்லை. போன சுதந்திர தினத்துக் கிராமசபையில்தான் வந்தது வினை. புதுத் தண்ணீர்த் தொட்டியை நம் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் கட்டுவதாக, பொதுநலன் கருதித்தான், தீர்மானம் வாசித்தேன். கிழக்குத் தெருச் சோலையம்மாள், ஒரு மைல் நடந்து தண்ணீர் தூக்குகிறவள், எழுந்து, “தலைவரு யாரு? நாங்க ஓட்டுப் போட்டது அனுசுயாவுக்கு. அவுக சொல்லட்டும்” என்றாள். நான் சிரித்தேன், வேறு யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மா நிதானமாக என் பக்கம் வந்து, “எந்திரிங்க, அது என் நாற்காலி. அங்குட்டுப் போயி சனத்தோட உக்காருங்க” என்றாள். இருநூறு பேருக்கு முன்னால், தாயி! காது சூடாகிவிட்டது, கால் தானாக எழுந்துகொண்டது. தொட்டி கிழக்குத் தெருவுக்கா என்று கை தூக்கச் சொன்னாள், என்னையும் இன்னும் நாலு பேரையும் தவிர அத்தனை கையும் மேலே போனது. கார்த்திகைக்குள் கட்டித் தண்ணீரும் விட்டாயிற்று, சோலையம்மாள் முதல் குடத்தைப் பிடித்து அம்மா கையில் கொடுத்தாளாம், நான் போகவில்லை, வயிற்று வலி. பிறகு நம் தெருவிளக்கு எரியவில்லை என்று உன் அம்மாவிடம் வாயால் சொன்னால், “மனு எழுதிக் குடுங்க” என்கிறாள். கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டிலே கேட்டால் ஆபீஸில் கேளுங்கள் என்கிறாள், ஆபீஸில் எனக்கு முன்னால் பதினோரு பேர். அடுத்த தேர்தலில் அவளை எதிர்த்து நானே நிற்கலாம் என்று விசாரித்தேன், அப்போதும் பெண்களுக்கான இடம்தானாம்.

வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, தீர்க்காயுசாக இரு. உனக்கும் இருபத்தொரு வயது முடிந்துவிட்டது, நம்மூர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று மட்டும் மறக்காமல் பார்த்துக்கொள். அம்மாவிடம் மூச்சு விடாதே. நீ நின்றால் போதும், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நலமே நினைக்கும் அப்பா,
சேவுகப்பெருமாள்