ஏழு என்று படித்தேன்

உன் மஞ்சள் ஜாக்கெட் என் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் தொங்குகிறது. எத்தனை முறை துவைத்தும் அந்த வாடை போகவில்லை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று கலப்பார்களே, அந்த மருந்தின் வாடை. அழுகிப்போன முட்டைக்கோஸ் நாற்றம். "இத வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். நீ போய் இத்தனை மாதம் கழித்து உன் லாக்கரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஹெல்மெட்டை ஸ்டோரில் வாங்கிக்கொண்டார்கள், ஷூவையும் வாங்கிக்கொண்டார்கள். ஜாக்கெட்டை மட்டும் நாறுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேஸ் விற்கிற கம்பெனிக்கு அந்த வாடை ஆகவில்லையாம்!

உனக்கு இன்னும் மெயில் வருகிறது, தெரியுமா? படிக்கட்டில் பாதுகாப்பாக ஏறி இறங்கும் பயிற்சியை நீ முடிக்கவில்லையாம். நகல் எனக்கு. 'அவர் இறந்துவிட்டார்' என்று பதில் போட்டேன். 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது. மறுவாரம் திரும்பவும் நினைவூட்டல். இவர்களிடம் போய் எங்கே முட்டிக்கொள்வது?

நம் கம்பெனியைப் பற்றி வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினால் எச்சரிக்கை. மூடி போடாத டம்ளரில் டீயோடு நடந்தால் எச்சரிக்கை. வண்டியைப் பின்பக்கமாகத்தான் நிறுத்த வேண்டும், ஆபத்தென்றால் சட்டென்று கிளம்ப. கேன்டீனில் எந்த எண்ணெய் வாங்குவது என்று பேசக் கூடினாலும் முதலில் ஐந்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சு. நானெல்லாம் கேட்டிலேயே அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வருவேன். நீ வீட்டுக்கும் கொண்டுபோனாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் எல்லார் வண்டியும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, உன் ஸ்கூட்டர் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். "இவரால மானம் போவுதுண்ணே" என்று உன் மனைவி ஸ்டெல்லா என்னிடம் புலம்புவாள். உன் அடக்கத்துக்கு நம் ஆபீஸ் ஆட்கள் வந்தபோது, அதே கோயில் படியில் ஒருவர் பின் ஒருவராகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தனை விதியிலும் உருப்படியானது ஒன்றுதான். தெருவில் குழாய் பதித்ததும் முதலில் காற்றை அடைத்து, அழுத்தம் காட்டும் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, மறுநாள் போய்ப் பார்ப்போம். முள் அசையாமல் இருந்தால் கேஸைத் திறக்கலாம். இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் தானும் பார்த்துவிட்டுச் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். நீயும் நானும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த இரண்டு பேர் நாம்தான்.

அதில் உன் குறும்பைச் சேர்த்தது நீ. எப்போதாவது ஒரு நாள் வேண்டுமென்றே தப்பாகப் படிப்பாய். முள் ஆறில் நிற்கும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் "அஞ்சர" என்பாய். ஏதோ நினைப்பில் நான் "ஆமா" என்று சொல்லிவிட்டால் தொலைந்தேன். அன்றைக்கு முழுக்க என் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டி, "இன்னாய்யா, கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்பாய். "என் வாய நம்பாத, முள்ளப் பாரு" என்பாய். பிறகு நானும் உனக்கு அதையே செய்ய ஆரம்பித்தேன். இரண்டு பேர் பார்வையும் ஒத்துப்போனால் "அத்தான்சியோன்!" என்று கூவிவிட்டு வால்வைத் திறப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த உன் அப்பாவிடமிருந்து பொறுக்கிய சொல், 'கவனம்' என்று அர்த்தம்.

உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. கேட்டால் "பரிசீலனைல இருக்கு" என்கிறார்கள். தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் குழாய் பதித்து முடித்தோம். வெள்ளிக்கிழமை பெரிய மனிதர் ஒருவர் வந்து முதல் அடுப்பைப் பற்றவைப்பதாக ஏற்பாடு. பந்தலும் போட்டாகிவிட்டது. "நீங்களே ரெண்டு வாட்டி பாத்துக்கோங்க, என்ன இப்போ?" என்றார் மேனேஜர். நான் முடியாது என்றேன். அந்தத் தெருவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு வாசல் கருவாடு காய்கிறது. கேஸ் கசிந்தாலும் அங்கே எந்த மூக்குக்கும் தெரியாது. முள்ளை விட்டால் வேறு காவல் இல்லை.

"ரெண்டு பேருதானே வேணும்? நானே வந்து நிக்கிறேன்" என்று வியாழக்கிழமை காலை மேனேஜரே வந்தார். காதில் போன். பக்கத்து வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா, "எப்ப சார் கேஸ் வுடுவீங்க? சிலிண்டரு தீந்து போச்சி" என்றார். குனிந்து பார்த்தேன். முந்தின நாள் ஆறில் நின்ற முள், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவு இறங்கியிருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் "கேஜ் கோளாறா இருக்கும், தெறங்க" என்பார். போன மாதம் வேறொரு தெருவில் அப்படித்தான் சொன்னார், அன்றைக்கு மல்லுக்கட்டித்தான் நிறுத்தினேன். என்ன தோன்றியதோ, வாய் தானாகத் திறந்தது.

"ஏழு" என்றேன்.

"ஏழு. கரெக்ட். ஓப்பன் பண்ணுங்க" என்றார், காதிலிருந்து போனை எடுக்காமலே.

குழாய்க்காரர்கள் என்னையே பார்த்தார்கள். ஆறு அடைத்த குழாய் ஏழு காட்டாது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சார், ஏழு இல்ல. வேணும்னுதான் தப்பா படிச்சேன். நீங்க முள்ளப் பாருங்க."

குனிந்தார். அப்போதுதான் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "என்ன, நக்கலா?"

"இல்ல சார். இது எங்க பழக்கம்."

வால்வைத் திறக்கவில்லை. தோண்டிப் பார்த்ததில் வளைவில் ஓர் இணைப்பு சரியாக ஒட்டாமல் இருந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அந்த மீன்கார அம்மா மட்டும், "நல்லாருக்குது உங்க கம்பெனி! பந்தலு போட்டீங்க, கேஸ் வுடல" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். வாங்கிக்கொண்டேன். மேலதிகாரியைப் பலர் முன்னால் அவமதித்ததாக என் மேல் புகார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். மாற்றல் நிச்சயம் என்கிறார்கள். பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு, இந்த நேரத்தில் எந்த ஊருக்குப் போவது? கசிவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த விசாரணையும் ஐந்து நிமிடப் பாதுகாப்புப் பேச்சோடுதான் தொடங்கும், பார்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் உன் மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரிது. உன் கடைசி நாளன்றும் நாம் ஒரு குழாய்க்கு முன்னால்தான் நின்றோம். நீ இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நார்மல்."

நான் உன் வாயை நம்பவில்லை. முகத்தைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். "இல்ல, நார்மல் இல்ல. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம், வண்டிய எடுக்கறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். நீ சிரித்தாய். "இந்த வால்வத் தெறந்துட்டு வரேன், இரு" என்றாய். சரியாகப் பின்பக்கமாகத்தான் நிறுத்தியிருந்தோம் வண்டியை. சட்டென்று கிளம்பியிருக்கலாம். ஊரில் எவன் வேலையை வேண்டுமானாலும் நிறுத்துவாய், உன் வேலையை மட்டும் நிறுத்த மாட்டாயா? "அத்தான்சியோன்" என்று கூவினாய், குரல் பாதியில் போயிற்று.

திங்கட்கிழமை உன் ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு போகப் போகிறேன். அந்த ஏசி அறை முழுக்க நாறட்டும். அவர்கள் என்ன எழுதிக்கொண்டாலும், அடுத்த தெருவிலும் நான் ஒரு நாள் தப்பாகப் படிப்பேன், பக்கத்தில் நிற்பவன் "இல்ல" என்று சொல்கிற வரைக்கும் வால்வில் கை வைக்க மாட்டேன்.

நான் உனக்கு "இல்ல"ன்னு சொன்னேனேடா. சரியாத்தானே படிச்சேன், படுபாவி?