தாண்ட வந்த நரம்புகள்

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

வழக்கமாகப் பெண்டாட்டிதான் இப்படிப் பெட்டியைத் தூக்குவாள். நம் வீட்டில் எல்லாமே தலைகீழ்.

என் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையில் இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கும் நரம்புப் பாலம் உருவாகவில்லை என்று டாக்டர் சொன்னதை நானும்தான் கேட்டேன். "கலைக்கிறதுன்னா இன்னும் டைம் இருக்கு, ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நீங்கள் யோசிக்கவே இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினீர்கள்.

கோழிக்கருவில் நரம்பு வளர்வதை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதன் நுனி, விரல்களைப் போல விரிந்து, கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவுகிறவளைப் போலப் போகும். ஒத்துவராத இடத்தில் சுருங்கித் திரும்பும்.

அதனால் நேற்று தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டேன்: "பாலம் இல்ல, சரி. தாண்ட வந்த நரம்பெல்லாம் எங்க போச்சு?"

அவர் எம்.ஆர்.ஐ. படத்தை மறுபடி திறந்து விரலால் காட்டினார். தாண்ட முடியாதவை செத்துப்போகவில்லை. தத்தம் பக்கத்திலேயே திரும்பி, கற்றையாக முன்னும் பின்னும் ஓடியிருக்கின்றன.

நடக்க, பேசத் தாமதமாகலாம். தெரியும்படி ஒன்றும் இல்லாமலும் போகலாம். டாக்டருக்கே தெரியாததை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? "அவ பிடிவாதக்காரி" என்று அத்தை சொன்னாராம். ஆமாம். பிள்ளைக்கும் அது வந்துவிட்டது.

நீங்கள் வாங்கிய அப்பாயின்ட்மென்டை ரத்து செய்துவிட்டேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, வருவதானால் வாருங்கள். வராவிட்டால் நாங்கள் எங்கள் பக்கத்திலேயே வளர்ந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா