ஒன்பதில் நின்ற வளையம்

மச்சான்,

இன்று காலையில் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். கடைப் பெண் கனமான ஓர் இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினாள். ஒன்றில் எதிர்வரிசைப் பூக்கடையின் பலகை பளிச்சென்று வந்தது. எழுத்துக்கூட்டி அந்தப் பெயரை முழுவதும் படித்துவிட்டேன். நீ நம்பமாட்டாய். இந்த வயதில் கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கடைக்குள்ளேயே நின்று சிரித்தேன். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே அடுத்த கண்ணாடியைச் செருகினாள்.

"இது இன்னும் பெருசா தெரியுதா அங்கிள்?"

என் சிரிப்பு அதோடு நின்றது. "அதையே குடு" என்று நீ பக்கத்திலிருந்து சொல்வது போலக் கேட்டது.

அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி எழுத ஒரு கோப்பி குடிக்கும் நேரம் ஆகிறது. பரவாயில்லை, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுத வந்த விஷயம்தான் சந்தோஷமானது இல்லை.

எழுபதுகளின் கடைசியில், கிள்ளானில் உன் லோரி ஒர்க்‌ஷாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, நாம் இருவரும் கோலாலம்பூரில் அந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனது நினைவிருக்கிறதா? காட்டுப்பன்றிகள் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகளைத் தோண்டித் தின்கின்றன என்று தோட்டத்தார் எழுதிக்கொடுத்து, உனக்கு ரைபிள் லைசென்ஸ் கிடைத்திருந்தது. தூரத்தைப் பெரிதாக்கிக் குறிபார்க்க அதன்மேல் மாட்டும் ஒரு ஸ்கோப் வேண்டும் என்றாய். கடைக்காரச் சீனக் கிழவர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று நான்கு மடங்கு மட்டும் காட்டும். மற்ற இரண்டிலும் திருகும் வளையம் உண்டு. ஒன்று இரண்டிலிருந்து ஏழு வரை, இன்னொன்று மூன்றிலிருந்து ஒன்பது வரை.

கிழவர் மலாயில் பொறுமையாகச் சொன்னார். பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதே, சின்ன எண்ணைப் பார்த்து வாங்கு. தூரத்தில் நிற்பது காத்திருக்கும், கிட்டே வருவது காத்திருக்காது. எண் ஏற ஏறக் கண்ணுக்குத் தெரியும் இடம் சுருங்கும், சாயங்காலத்தில் வெளிச்சமும் குறையும். செம்பனைக்குள் சுடுகிறவனுக்கு இரண்டிலிருந்து ஏழு போதும்.

நீ ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்றி, வருஷத்தில் ஒரு தடவை மலையோர லாலாங் புல்வெளியில் மான். இருப்பது ஒரே துப்பாக்கி, அது எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும் என்றாய். நீ சொன்னதிலும் தப்பில்லை. ஒன்பது போகிற கண்ணாடியில் மூன்றும் இருந்தது. திருகினால் போதும்.

கடை வாசலில் நின்று நாம் மாறி மாறிப் பார்த்தோம். மூன்றில் வைத்தபோது எனக்குத் தெரு முழுவதும் கிடைத்தது. பலகைமேல் காகம், அதன் கீழே குடை பிடித்த பெண், அவளைத் தாண்டி ஒரு சைக்கிள். நீ மூன்றில் பார்த்துவிட்டுக் கண்ணாடி மங்கல் என்றாய். கிழவர் துடைத்துக் கொடுத்தார். மறுபடியும் மங்கல் என்றாய். பிறகு ஒன்பதுக்குத் திருகி, பலகையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்தாய்.

"நீ பாத்து என்னா படிக்கப் போற, மச்சான்?" என்று என்னைக் கேலி செய்தாய். "காக்கா எண்ணுறதுக்கு ஸ்கோப் எதுக்கு லா?" என்றுவிட்டு, "அதையே குடு" என்று கிழவரிடம் காசை நீட்டினாய்.

கிழவர் சிரிக்கவில்லை. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் அன்று கவனித்தேன், காரணம் விளங்கவில்லை.

அதன் பிறகு சின்னச் சின்னதாகச் சில நடந்தன. தட்டில் கோப்பியை ஊற்றிவிட்டுக் குவளையைத் தேடினாய். நட்டைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி எடுத்தாய். எதிரே வந்த என் மனைவியை வேறு யாரோ என்று நினைத்து அக்கா என்று கூப்பிட்டுவிட்டுக் குரல் கேட்டதும் சிரித்து மழுப்பினாய். சர்க்கரை கூடி இனிப்பு நீர் வியாதி வந்ததிலிருந்து உடம்பு அசதி என்றாய், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஒரு நாள் துப்பாக்கியைத் துடைக்கும்போது அந்த வளையத்தைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. மழையும் செம்மண்ணும் ஏறி, ஒன்பதிலேயே துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. ஏன் என்று கேட்டேன். மான் வேட்டைக்குச் சரியாக இருக்கும் என்று துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டாய்.

நம் வேட்டை முறை உனக்கே தெரியும். சுடுகிறவர்கள் செம்மண் சாலையில் நிற்பார்கள். நாங்கள் நாய்களோடு தோட்டத்தின் மறுபக்கத்திலிருந்து மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு பன்றிகளை அவர்கள் பக்கம் துரத்துவோம். கிளம்புவதற்கு முன் தோட்ட எல்லையில் முனியாண்டிக்குச் சூடம் கொளுத்தி, சாமி காலடியில் வைத்த சிவப்புத் துணியைத் துரத்துகிறவர்கள் தலையில் கட்டிக்கொள்வோம். அந்தத் துணி இருக்கும்போது குண்டு நம் பக்கம் திரும்பாது என்பது எல்லோருடைய நம்பிக்கை. கருக்கலில் முதலில் கறுத்துப்போகிற நிறம் சிவப்புதான் என்று யாரும் யோசித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. சூடம் பற்றவில்லை, ஈரம் என்றோம். துரத்தி வரும் வழியில் நான் பாரிட்டில் சறுக்கி விழுந்தேன். அது தோட்டத்துத் தண்ணீர்க் கால்வாய், இடுப்பளவு கறுப்புச் சேறு. தகரம் எங்கோ போயிற்று. தலைத்துணியும் சேறாயிற்று. விழுந்து கிடந்த மட்டைகளுக்கு அடியில் கையும் காலும் ஊன்றி, சத்தமில்லாமல் மேலே ஏறி வந்தேன்.

தலையைத் தூக்கினால், எதிரே பலகைப் பாலத்தில் நீ. ஒரு பூப்பந்துத் திடல் தூரம்கூட இருக்காது. துப்பாக்கி தோளில். குழல் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"மச்சான், நான்தான்" என்றேன்.

நீ குழலை இறக்கவில்லை. இரகசியம் பேசுகிற மாதிரி, அன்பாகச் சொன்னாய்.

"பேசாத. உனக்குப் பக்கத்துலதான் நிக்குது. அசையாத."

என் பக்கத்தில் ஒன்றுமில்லை, மச்சான். நாய்கள் தூரத்தில் குரைத்துக்கொண்டிருந்தன. உன் ஒன்பது மடங்கு வட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ நிறைந்து நின்றது. அது நான். என் குரல் எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்துக்கொண்டு, என்னைக் காப்பாற்றவே நீ என்னைச் சுடப் போகிறாய்.

ஓடினால் பன்றி ஓடுகிறது என்று சுடுவாய். கத்தினால் பன்றி என்மேல் பாய்ந்துவிட்டது என்று சுடுவாய்.

"தலைய தூக்கி வெறுங்கண்ணால பாரு" என்றேன்.

"தூக்குனா போயிரும்."

உன் விரல் துப்பாக்கி விசைக்குள் போவதைப் பார்த்தேன். என் வாயில் எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கோப்பிக் கடையில் உன்னைச் சீண்டுகிற அதே குரலில் கேட்டேன்.

"சரி மச்சான். அந்தப் பன்னி இப்ப கைய தூக்குதா, பாரு."

சேற்றோடு வலது கையை மெதுவாகத் தூக்கினேன். விரல்களை விரித்தேன்.

நீ மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. குழல் சரிந்தது. அப்படியே பாலத்தில் உட்கார்ந்துவிட்டாய். மற்ற துப்பாக்கிக்காரர்கள் சாலை வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், யாரும் எதையும் பார்க்கவில்லை. நான் வந்து குண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ என் முகத்தைத் தடவிப் பார்த்தாய். கண், மூக்கு, மீசை என்று ஒவ்வொன்றாக.

"மூணுல எல்லாமே தண்ணியா இருக்கு, மச்சான்" என்றாய். "ஒம்பதுலதான் ஏதோ கொஞ்சம் தெரியும். இப்ப அதுலயும் ஆளு எது, பன்னி எதுன்னு தெரியல."

யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினாய். ஒர்க்‌ஷாப் போய்விடும், லோரி ஓட்ட விடமாட்டார்கள் என்றாய். நான் உன்னிடம் வாதாடவில்லை. ஜீப்பை நானே ஓட்டினேன். வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தபோது திருப்பாமல், நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினேன். வழி மாறியது உனக்குத் தெரிந்திருந்தது. பிறகு நீயாகவே துப்பாக்கியை ஒப்படைக்க எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி படியேறினாய்.

ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்றும் நேரம் கடந்துவிட்டது என்றார்கள். ஒர்க்‌ஷாப்பை உன் மகன் எடுத்து நடத்தினான். நீ அப்படியே லோரி ஓட்டிக்கொண்டிருந்தால் எதிரே யார் வந்திருப்பார்கள் என்று நான் பல ராத்திரி நினைத்துப் பார்த்ததுண்டு. உன்னிடம் கேட்டதில்லை.

ஆனால் நான் உன் வீட்டு வாசலில் கால் வைக்கும்போதெல்லாம், நாற்காலியில் சாய்ந்தபடியே நீ கேட்பாய்.

"கைய தூக்கிட்டியா, மச்சான்?"

தூக்கியிருப்பேன். உன் கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தும் தூக்காமல் உள்ளே வந்ததில்லை. கடைசி நாளிலும், உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, கூட்டத்தின் பின்னால் நின்று தூக்கினேன். உன் மகன் நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கடை வரிசையின் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது, பாசார் சந்தையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வரும்போது, கை தானாக மேலே போய்விடுகிறது. டாக்சிகள் வந்து நின்றுவிட்டு, நான் ஏறாததால் ஏசிவிட்டுப் போகின்றன. இன்று புதுக் கண்ணாடியோடு கடையை விட்டு இறங்கியபோதும் தூக்கினேன். தெரு முழுவதும் அவ்வளவு தெளிவாக இருந்தது, மச்சான். ஒவ்வொரு ஜன்னலும் தெரிந்தது. எதன் பின்னாலிருந்து யார் என்னைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.