பொங்கல் சீரில் வந்த காப்பி மிஷின்

அக்கா,

அடுப்படிக்குச் சிமெண்டுத் தரை போட இன்று கொத்தனார் வந்திருந்தார். "இந்தப் பூதத்தை அங்கிட்டு நகட்டுனாத்தான் வேலை ஓடும்" என்று ஆளோடு சேர்ந்து உங்கள் காப்பி மிஷினைச் சாய்த்தார். சாய்த்ததும் அதன் வாயிலிருந்து பொலபொலவென்று தூள் கொட்டியது. வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. ஓர் அதட்டுப் போட்டு அவர்களை நிறுத்திவிட்டு, மிச்சத்தை முந்தானையில் ஏந்திக்கொண்டேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கொத்தனார் விழித்த விழிப்புக்கு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

இந்த மிஷின் வந்த வருடம், நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து முதல் பொங்கல். மூத்தவரான உங்களுக்குக் குளத்தூரிலிருந்து சீர் வருகிறது என்றதும் நானும் வாசலுக்கு ஓடினேன். வண்டியில் கரும்பு இருந்தது, வாழைத்தார் இருந்தது. நடுவில் சிவப்புச் சாயம் அடித்து, இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்களோடு, என் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்பு மிஷின் நின்றது. உங்கள் அண்ணனின் காப்பிக் கடை அந்த வருடம்தான் நொடித்துப் போயிருந்தது. பானையும் சேலையும் வாங்க வழியில்லாத மனிதர், கடையில் மிஞ்சியதிலேயே உசத்தியானதைத் தங்கைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். மஞ்சள் கொத்தைக்கூடச் சக்கரத்தில்தான் கட்டியிருந்தார்.

நம் மாமியார் வாசலுக்கு வந்து ஏற இறங்கப் பார்த்தார். "என்னாத்தா இது? ஒங்கண்ணன் ரயிலு எஞ்சினைக் கழட்டி அனுப்பியிருக்கானா?"

"காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினு அத்தை. இனிமே ஒரல்ல இடிக்க வேணாம்" என்றீர்கள், தலையை நிமிர்த்தாமல்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். வீட்டில் வறுத்து வைத்திருந்த கொட்டை முழுவதையும் அதில் கொட்டி, நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சுற்றினோம். எழுந்த சத்தத்தில் தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தூள் மட்டும் வரவில்லை. கடைக்குப் படிக்கணக்கில் அரைத்துப் பழகிய மிஷின் அது. நம் வீட்டுக் கொட்டை அதன் பல்லிடுக்குக்கே போதவில்லை. காப்பி இல்லாத தலைவலியில் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அத்தை தீர்ப்புச் சொன்னார். "மாடும் ஓடிருச்சு, காப்பியும் இல்ல. பழைய இரும்புக்காரன் வரட்டும், தூக்கிக் குடுத்துருவோம்."

அன்று நீங்கள் அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன். "கடை போனதைக்கூட எங்கண்ணன் தாங்கிருச்சுடி. சீரு இரும்புக்குப் போச்சுன்னு தெரிஞ்சா தாங்காது" என்றீர்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து தெருவில் வீடு வீடாகப் போய், "கொட்டையக் கொண்டாங்க, சும்மாவே அரைச்சுத் தாரேன்" என்று அழைத்துவிட்டு வந்தீர்கள். ஓரகத்திகள் இரண்டு பேரும் எப்போது சண்டை போடுவார்கள் என்று ஊர் காத்திருந்தது. நமக்குச் சக்கரம் சுற்றவே நேரம் சரியாக இருந்தது.

தெரு வந்தது. கூடவே தகராறும் வந்தது. முன்னால் அரைத்தவர் தூளில் ஒரு பிடி உள்ளேயே தங்கி, பின்னால் வருகிறவருக்குத்தான் முதலில் விழும். வாத்தியார் வீட்டு அம்மா குடகுக் கொட்டை கொண்டு வருவார். அவருக்குப் பின்னால் நிற்க எல்லாருக்கும் போட்டி. எதிர்வீட்டு அம்மா கொட்டையோடு புளியங்கொட்டையையும் வறுத்துச் சேர்ப்பார். அவருக்குப் பின்னால் ஒருத்தியும் நிற்க மாட்டாள். ஒரு நாள் வரிசை மாறி, எதிர்வீட்டுத் தூள் வாத்தியார் வீட்டு டப்பாவில் விழுந்துவிட்டது. அதைக் குடித்த வாத்தியார், "இன்னிக்குத்தான் காப்பி காப்பியா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தார். அந்த அம்மா கொஞ்ச நாளைக்கு நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இதையெல்லாம் அத்தை கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் உங்களைக் கூப்பிட்டு, "நம்ம கொட்டையக் கடைசியாப் போடு" என்றார். அப்படிப் போட்டதும் தெருவின் மிச்சம் நம் டப்பாவில் சேர்ந்தது. அதன் பிறகு இரும்புக்காரன் குரல் கேட்டாலே, "இங்கிட்டு ஒண்ணும் இல்ல, போ" என்று விரட்டினார். நம் தூள் மட்டும் வேறு வீட்டுக்குப் போகக் கூடாதே! கோழி இறகு ஒன்றை உங்கள் கையில் கொடுத்து, உள்ளே துளி இல்லாமல் வழிக்கச் சொன்னார். நீங்கள் வழிப்பதுபோல் கையை ஆட்டிவிட்டு ஒரு பிடியை உள்ளேயே விட்டுவைப்பீர்கள். "வெறும் வயித்தோட விட்டா, நாளைக்கு மொதல்ல வாரவ கொட்டைய இது முழுங்கிரும். பாவம்டி" என்று என் காதில் சொல்வீர்கள்.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் அண்ணன் வந்தார். சீர் என்ன ஆனதோ என்ற பயத்தில் வாசலிலேயே தயங்கி நின்றார். உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தோம். கடை நடத்திய நாக்கு அல்லவா, ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்தார். "இது என்ன கொட்டைங்க? எங்க கடையிலகூட இந்த ருசி வந்ததில்லையே!" குடகிலிருந்து புளியங்கொட்டை வரைக்கும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அத்தை முந்திக்கொண்டார்.

"கொட்டையில என்ன இருக்கு? எல்லாம் ஒங்க சீரு அரைக்கிற அரைப்பு."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தையை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பிறகு கடைத்தெருவுக்குக் கரண்டு மிஷின் வந்து, தெரு அங்கே போய்விட்டது. அத்தையும் போய்ச் சேர்ந்தார். நீங்கள் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் மிஷின்மேல் போர்த்திய சாக்கை விலக்கி, "சீரு சும்மா நிக்கக்கூடாது" என்று ஒரு தடவை அரைப்பீர்கள். இந்தப் பொங்கலுக்கும் அரைத்தீர்கள். சித்திரையில் நீங்களும் போய்விட்டீர்கள்.

முந்தானையில் ஏந்திய உங்கள் கடைசிப் பிடித் தூளில் இன்று டிகாக்ஷன் இறக்கினேன். உங்கள் கொழுந்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடி, சாக்கு வாடை அடிக்குது" என்று முற்றத்தில் துப்பினார். கொத்தனார் மரியாதைக்குப் பாதி குடித்தார். நான் முழுவதையும் குடித்தேன். நன்றாக இல்லைதான் அக்கா, உங்களிடம் எதற்குப் பொய்? அழுதுகொண்டேதான் குடித்தேன்.

தரை காய்ந்ததும் மிஷினைப் பழைய இடத்திலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வரும் பொங்கலுக்கு நான் அரைப்பேன். கோழி இறகு மாடத்தில்தான் இருக்கிறது, அதைத் தொட மாட்டேன். எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு ஒரு பிடி உள்ளே இருக்கும்.